மலையைத் தொடாதீர்கள், மதிலைப் பாருங்கள்!

சித்தூர், திருப்பதி மாடிகளில் வளரும் போன்சாய் ஆசை: சிறப்புக் கட்டுரை

சித்தூரில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகளை இறக்கியாகிவிட்டது. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லுமாக நின்ற பின்மதிலில் கடப்பாறை விழுந்துகொண்டிருந்தது. அந்த மதிலின் தலையில், இரண்டு செங்கற்களுக்கு நடுவே, முழங்கை உயரத்தில் ஓர் அரசு நின்றது. கன்று என்று சொல்ல வாய் வரவில்லை. அடிமரம் என் கட்டைவிரலைவிடப் பருமன். வேர்கள் காரையைப் பிளந்துகொண்டு இரண்டடி கீழே இறங்கி, மதிலை விரல் மடக்கிப் பிடித்திருந்தன. மண் இல்லை, எரு இல்லை, யாரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. எத்தனை வருடமாக அங்கே இருந்ததோ!

"மேஸ்திரி, அதை உடைக்காம எடுத்துத் தர முடியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தீஸ்கோண்டி சார், எடுத்துக்குங்க" என்று இரண்டு மொழியிலும் சொன்னார், சித்தூர்க்காரர்களின் வழக்கப்படி. உளியால் காரையைத் தட்டித் தட்டி, வேர் பற்றியிருந்த மூன்று செங்கற்களோடு சேர்த்தே கழற்றிக் கொடுத்தார். ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்பதி வந்தேன். அது ஆடி மாதம், ஆறு வருடங்களுக்கு முன்பு. இன்று அந்த மரம் என் மாடியில் ஒரு மண் தட்டில் ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. ஒரு செங்கல்லின் துண்டு இன்னும் அதன் வேருக்குள்தான் இருக்கிறது.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போது பேச்சு போன்சாயில்தான் வந்து நிற்கிறது. அடுக்குமாடி வீடுகளில் தரை இல்லை; மரம் வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. ஆசை நல்லது. அந்த ஆசைக்கான மரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

தட்டில் நிற்கும் மரம்

போன்சாய் என்பது ஒரு மரத்தின் பெயர் அல்ல. ஆழமில்லாத தட்டில் நட்டது என்பதே அந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். அந்தக் கலை ஜப்பானுக்கும் முன்பே சீனாவில் இருந்தது. கி.பி. 706-ஐச் சேர்ந்த இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில், குட்டிச் செடிகள் வைத்த தட்டை ஏந்திச் செல்லும் பணியாளர்களின் ஓவியம் உண்டு. நம் நாட்டில் இதை வாமன விருட்சக் கலை என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். முனிவர்கள் மூலிகை மரங்களைக் குறுக்கி ஆசிரமத்தில் வளர்த்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் மரபுக் கதை.

ஆலமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதிரி அருகே இருக்கும் திம்மம்மா மர்ரிமானு என்ற ஆலின் நிழல் 19,107 சதுர மீட்டர், ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. 1989-ல் கின்னஸில் ஏறிய மரம். அதே ஆலின் விதை ஒரு தட்டிலும் விழுது விட்டு வாழும். விதையில் வித்தியாசம் எதுவும் கிடையாது. வேருக்குக் கிடைக்கும் இடமும் கிளைமேல் படும் கத்தரியும்தான் வேறு. கிளை நுனியில் இருக்கும் மொட்டு ஒருவித வளர்ச்சிச் சாறைச் சுரந்து பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் பக்கங்கள் விழித்துக்கொள்ளும். கிள்ளக் கிள்ளக் கிளை நெருங்கும், இலை சிறுக்கும். வேரைக் கவாத்து செய்தால் ஆணிவேர் போய்ச் சல்லிவேர் பெருகும். மொத்த வித்தை இவ்வளவே. மீதியெல்லாம் பொறுமை.

மலையின் குள்ள மரங்கள்

திருமலைக்குப் போகும் அலிபிரி படிகளில் ஏறியவர்கள் கவனித்திருப்பார்கள். மேலே போகப் போகப் பாறை இடுக்குகளில், கைப்பிடி மண்ணில், முறுக்கிக்கொண்டு நிற்கும் குட்டை மரங்கள். காற்றும் வெயிலும் தீயும் பட்டினியும் சேர்ந்து வளைத்த உருவங்கள். எந்த போன்சாய்க் கலைஞனும் கம்பி சுற்றி அந்த அழகைக் கொண்டுவந்துவிட முடியாது. ஜப்பானில் இப்படி மலையிலிருந்து எடுக்கும் மரத்துக்கு 'யமதோரி' என்று பெயர். சந்தையில் அதற்குத் தனி மதிப்பு. அந்த மோகம் இங்கேயும் வந்துவிட்டது. ஒருமுறை ஒருவர் ஒரு தொட்டியைக் காட்டி, "மலையிலேர்ந்து கொண்டு வந்தது சார், நூறு வருஷ மரம்" என்று பெருமையோடு சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

திருமலை இருக்கும் இந்தச் சேஷாசலம் சாதாரண மலை அல்ல. அங்கே மட்டுமே வாழும், அல்லது அங்கேயும் பக்கத்துக் குன்றுகளிலும் மட்டுமே தங்கிவிட்ட தாவரங்கள் இருக்கின்றன. சைகஸ் பெட்டோமி என்ற தாவரத்தைச் சொல்கிறேன். சென்னை மாகாண வன அதிகாரியாக இருந்த பெட்டோமின் பெயரால் 1883-ல் உலகத்துக்கு அறிமுகமான செடி. குட்டையான தடித்த தண்டு, தலையில் விசிறி போன்ற இலைக்கொத்து. பார்த்தவுடனே தொட்டியில் வைக்கத் தோன்றும். அந்த அழகே அதற்கு எதிரி. நாட்டு மருந்துக்காக அதன் ஆண் கூம்புகளை வெட்டுகிறார்கள், காட்டுத்தீ வருடா வருடம் சுடுகிறது. அலங்காரச் செடிக்காகப் பிடுங்குபவர்களும் சேர்ந்தால் அது எங்கே போகும்? ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்று பிரிந்திருக்கும் இனம் அது. ஒரு சரிவிலிருந்து நாலு செடி போனால், மிச்சமிருப்பவை மகரந்தம் கிடைக்காமல் தனித்து நிற்கும்.

பிடுங்கிய மரம் பிழைப்பதும் அரிது. பாறை இடுக்கில் நிற்கும் மரத்தின் உயிர்வேர், பல அடி தள்ளி ஏதோ ஒரு விரிசலின் ஈரத்தில் இருக்கும். நாம் தோண்டுவது அதன் கழுத்தை மட்டும். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் பச்சையாக இருக்கும். தண்டில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத் துளிரும். நாம் பிழைத்துவிட்டது என்று மகிழ்வோம். அடுத்த மாதம் கருகும்.

இந்த மலையில் மரத்தைத் தொடுவதன் விலையைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி இங்கே சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். அந்தத் துயரத்தின் அளவு வேறு. ஆனால் காசுள்ளவன் ஆசைப்படுவதும் இல்லாதவன் மலையேறுவதும் எங்கும் ஒரே கதையாகவே தொடங்குகிறது.

---
பெட்டிச் செய்தி: மலையும் சட்டமும்

• சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது 2010-ல். பரப்பு சுமார் 4,756 சதுர கிலோமீட்டர்.
• ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 353 சதுர கிலோமீட்டர்.
• சைகஸ் பெட்டோமி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தாவரங்களையும் சேர்த்துக்கொண்டபோது பட்டியலில் இடம்பெற்ற ஆறு இனங்களில் ஒன்று. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் இருக்கிறது.
• செம்மரம் அதே உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது.
• காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றி எந்தச் செடியையும் பிடுங்கி வருவது குற்றம். அழகுக்காக, வழிபாட்டுக்காக, மருந்துக்காக என்ற காரணம் எதுவும் செல்லாது.
---

மதில் தரும் கன்று

அப்படியானால் முறுக்கிய அடிமரம் வேண்டுமென்றால் எங்கே போவது? எங்கும் போக வேண்டாம், தலையை நிமிர்த்துங்கள். ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாமே ஒரே குடும்பம். பழத்தைத் தின்ற காகமும் மைனாவும் எச்சத்தோடு விதையைப் போட்ட இடத்திலெல்லாம் முளைக்கும். கோபுர இடுக்கு, மொட்டை மாடிக் கைப்பிடி, சாக்கடைப் பாலம், தண்ணீர்க் குழாய் மூலை. அவற்றை யாராவது ஒருநாள் பிடுங்கித்தான் தீர வேண்டும். விட்டால் வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். கோயில்களில் உழவாரப் பணி செய்பவர்களின் முதல் வேலையே இந்தக் கன்றுகளை அகற்றுவதுதானே. எடுத்தவை குப்பைக்குப் போகின்றன.

இந்த மண்ணின் யமதோரி அதுதான். மலை இழப்பது எதுவுமில்லை, கட்டடம் பிழைக்கிறது, மரமும் பிழைக்கிறது. மூவருக்கும் லாபமாக முடியும் வேலை உலகத்தில் அதிகம் இல்லை.

எடுக்கும் முறையைச் சொல்கிறேன். மழை பெய்து காரை ஊறிய பிறகு எடுப்பது நல்லது. இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் உரிந்து குச்சி மட்டும் கையில் வரும். உளியால் சுற்றியுள்ள காரையைத் தளர்த்தி, வேரோடு ஒட்டிய செங்கல் துண்டையும் சேர்த்தே எடுங்கள். பால் வடியும், தண்ணீர் தெளித்தால் நிற்கும். இலைகளில் முக்கால் பங்கைக் கிள்ளிவிட்டு, ஆற்று மணலும் செங்கல் சல்லியும் கலந்த சாதாரண தொட்டியில் நட்டு, ஒளி வரும் நிழலில் ஆறு வாரம் வையுங்கள். புதுத் துளிர் வந்ததும் அவசரப்பட்டு எருவிட வேண்டாம். அது வேர் பிடித்ததன் அடையாளம் இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது துளிர்தான் உண்மையான சேதி.

ஒரு எச்சரிக்கை. சந்திரகிரிக் கோட்டை, குடிமல்லம் கோயில் போன்றவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே நாமாக ஒரு இலையைக்கூடத் தொடக் கூடாது. மற்ற கோயிலானாலும் பக்கத்து வீடானாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

முதல் நாலு வருடம் தட்டு வேண்டாம்

புதிதாகத் தொடங்கும் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கன்று கையில் வந்த அன்றே அழகான பீங்கான் தட்டைத் தேடுவார்கள். தட்டுக்குப் போன நாளோடு அடிமரம் பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பத்து வருடம் கழித்தும் பென்சில் தண்டாகவே இருக்கும். முதல் மூன்று, நான்கு ஆண்டுகள் பெரிய தொட்டியிலோ தரையிலோ கட்டுப்பாடின்றி வளர விடுங்கள். ஆளுயரம் போகட்டும். அடி பருத்ததும் துணிந்து முக்கால் உயரத்தை வெட்டுங்கள். கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. வெட்டிய இடத்துக்குக் கீழே புதுக் கிளைகள் வரும். அவற்றில் ஒன்றைத் தலையாக்கி, மற்றவற்றைக் கிளைகளாக்குங்கள். தட்டு அதற்குப் பிறகுதான்.

வளைப்பதற்கு அலுமினியக் கம்பி போதும். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன். நம் வெயிலில் ஆலும் அரசும் வேகமாகப் பருக்கும், ஆகவே மாதம் ஒருமுறை கம்பியைப் பார்க்க வேண்டும். பட்டைக்குள் கம்பி புதைந்தால் அந்த வடு பல ஆண்டுகளுக்கு மறையாது. சுருளைப் பிரிக்க முயலாமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

மண் கலவையில் ஜப்பானிய எரிமலை மண் வேண்டும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. உடைந்த செங்கல்லை மிளகு அளவுக்கு இடித்து, சல்லடையில் தூளை நீக்கி, கரடான ஆற்று மணலோடும் மக்கிய மாட்டு எருவோடும் கலந்தால் போதும். தூளை நீக்குவது முக்கியம். ஆழமில்லாத தட்டில் நுண்ணிய மண் சேறாகித் தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேர் மூச்சின்றி அழுகும். 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் தத்தளித்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் தட்டில் நிற்கும் மரம் தப்பாது. எருவுக்குச் சித்தூர்க்காரர்கள் அலைய வேண்டியதில்லை, கடலை விளையும் மண். கடலைப் புண்ணாக்கை நாலு நாள் ஊறவைத்து, தெளிவில் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து மாதம் இருமுறை விட்டால் மரம் தளதளவென்று வரும்.

---
பெட்டிச் செய்தி: இங்கே எது வரும், எது வராது?

நன்றாக வரும்: இச்சி, ஆல், அத்தி, புளி, கொடுக்காப்புளி, விளா, காகிதப்பூ, அடினியம், ஜேட்.

பொறுமை இருந்தால் வரும்: அரசு, மாதுளை, எலுமிச்சை, நெல்லி.

வீண் செலவு: ஜூனிப்பர், பைன் போன்ற குளிர்நாட்டு மரங்களில் பெரும்பாலானவை. அவற்றுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். அது திருப்பதியில் கிடையாது.

மாமரம்? சித்தூர்க்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். கவாத்து செய்தால் இலை ஓரளவு சிறுக்கும்; பூவும் காயும் சிறுக்கவே சிறுக்காது. ஒரு சாண் மரத்தில் முழு அளவுக் கிளிமூக்கு மாங்காய் தொங்கினால் கிளை ஒடியும். சிறு இலை, சிறு காய் உள்ள மரங்களே தட்டுக்கு ஏற்றவை.
---

சித்திரை வெயிலும் மூன்று நாள் கல்யாணமும்

என்னிடம் ஒரு புளி இருந்தது. விதை போட்டு வளர்த்து, ஒன்பதாவது வருடத்தில் அடிமரம் வெடித்துக் கறுத்து, கிராமத்து எல்லைப் புளியைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். சித்திரை மாதம் உறவில் ஒரு கல்யாணம். மூன்று நாள். போகும்போது நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது இலைகள் பச்சையாகவே காய்ந்து, தொட்டால் பொடிந்தன. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். பழுப்பு. இன்னொரு கிளை. பழுப்பு. ஒன்பது வருடம் மூன்று நாளில் போனது. யார் மேலும் குற்றமில்லை, என் மேல்தான். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இன்றும் இருந்திருக்கும்.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். போன்சாய் வாங்குவதற்கு முன்பு, ஊருக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற கேள்விக்குப் பதில் தேடுங்கள். திருப்பதியில் கோடை 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மாடித் தரை அதைவிடச் சுடும். ஒரு தட்டில் இருப்பது நாலு கைப்பிடி மண். சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். அடியில் இருக்கும் துளை வழியே வடியும்வரை ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் ஊற்ற வேண்டும். தட்டைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், சுற்றி ஈரச் சாக்கைப் போடுங்கள், பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையைக் கட்டுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு அடிமரத்தில் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் அதற்கு மருந்து அதுவே. வேர்க் கவாத்தும் தட்டு மாற்றுவதும் கோடையில் ஆகவே ஆகாது. வெயில் தணிந்து ஆனி, ஆடிச் சாரல் தொடங்கியதும் செய்யுங்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்கு வேருக்கு மேல் வெட்டாதீர்கள்.

இன்னொன்று, மரத்தை வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சின்னதாக இருப்பதால் அது பொம்மை ஆகிவிடாது. வெயில் குடித்து வாழும் மரம். விருந்தாளி வரும் நாளில் உள்ளே கொண்டுவந்து வையுங்கள். மறுநாள் வெளியே போகட்டும்.

விதையென்று விற்கிறார்கள்

இணையக் கடைகளில் 'போன்சாய் விதை' என்று வண்ணப் படம் போட்டு விற்கிறார்கள். நீல இலை, ஊதாப் பூ. அப்படி ஒரு விதை உலகத்தில் இல்லை. எந்த மரத்தின் விதையும் மரமாகத்தான் முளைக்கும். போன்சாய் ஆவது வளர்ப்பவர் கையில். சாலையோரத்தில் விற்கும் இன்னொரு வகை, கிழங்கு போன்ற வேரும் தலையில் ஒட்டுக் கட்டிய இச்சிக் கிளையும் கொண்ட செடி. அது மோசமில்லை, எளிதில் சாகாது, கை பழக நல்லது. ஆனால் அதைப் பழைய மரம் என்று சொல்லி விலை ஏற்றினால் நம்பாதீர்கள். ஆறு மாதக் கன்றைப் பீங்கான் தட்டில் அழுத்தி, மேலே பாசியும் கூழாங்கல்லும் பரப்பிக் கொடுப்பதும் நடக்கிறது. தட்டைச் சற்று அசைத்துப் பாருங்கள். மரம் மண்ணோடு சேர்ந்து அசையாமல் தனியாக ஆடினால், அது நேற்று நட்டது.

கொடுமையா?

"வளர வேண்டிய மரத்தை வளரவிடாமல் வைப்பது பாவம். வீட்டில் வைத்தால் குடும்பத்தின் வளர்ச்சியும் குன்றும்." இதைச் சொல்லாத உறவினர் கிடையாது. முதல் பாதி நேர்மையான கேள்வி, பதில் சொல்ல வேண்டியது. பலமனேர், குப்பம் பக்கம் பட்டுப்பூச்சிக்காக மல்பெரியை வருடம் முழுக்கக் கவாத்து செய்கிறார்கள். விட்டால் அது மரம். நாம் குடிக்கும் தேநீர், விட்டால் 30 அடிக்கு மேல் போகக்கூடிய மரத்தை இடுப்பளவில் நிறுத்திப் பறித்தது. முருங்கையை வெட்டாத வீடு எது? கவாத்து செய்தால் மரம் நோகாது. பட்டினி போட்டால் நோகும், வெயிலின்றி அடைத்தால் நோகும், மறந்தால் நோகும்.

ஹிரோஷிமாவில் யமகி குடும்பம் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஒரு வெள்ளைப் பைன், 1625 முதல் தட்டில் வாழ்கிறது. 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் மதிலுக்குப் பின்னால் இருந்து பிழைத்தது. 1976-ல் குண்டு போட்ட நாட்டுக்கே அதை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். குண்டிலிருந்து தப்பிய மரம் என்பதைச் சொல்லிக் காட்டவும் இல்லை; அந்தக் குடும்பத்தின் பேரன்கள் 2001-ல் வாஷிங்டனுக்கு மரத்தைப் பார்க்கப் போனபோதுதான் அது வெளியே தெரிந்தது. கொடுமைப்படுத்தப்பட்ட மரம் நான்கு நூற்றாண்டு வாழாது.

இரண்டாம் பாதி, அதாவது வாஸ்து. அதற்கு என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை. அந்த பயம் உள்ளவர்கள் மாடியில் வைத்துக்கொள்ளட்டும். மரத்துக்கும் அதுதான் நல்லது.

---
பெட்டிச் செய்தி: பார்த்துப் பழக

• மைசூரு: அவதூத தத்த பீடத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டம். ராசி, நட்சத்திரம் வாரியாக மரங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.
• பெங்களூரு: லால்பாக் பூங்காவின் போன்சாய்ப் பகுதி.
• சென்னை: 2010-ல் திறந்த செம்மொழிப் பூங்காவின் போன்சாய்ப் பகுதி.
---

திருப்பதியில் இப்படி ஓர் இடம் வேண்டும். எஸ்.வி. வேளாண் கல்லூரி இங்கே இருக்கிறது. விடுமுறை நாளில் ஒரு வகுப்பு, வேர்க் கவாத்து செய்வதை நேரில் காட்டும் ஒரு மேஜை. அது போதும். தெரியாமல் மலையேறுபவர்கள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கும் ஆந்திர அறநிலையத் துறைக்கும் நகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கோபுரத்திலும் மதிலிலும் முளைத்த கன்றுகளை அகற்றும் நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். கீழே ஒரு ஈரச் சாக்கை விரித்து வையுங்கள். கேட்டு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கன்று கொடுங்கள். கோயில் மதிலில் முளைத்த அரசு என்று சொன்னால், அதற்குத் தண்ணீர் ஊற்ற மறக்கும் மனிதர் இந்த ஊரில் இருக்க மாட்டார்.